துரைக்கு நாலு வார்த்தை

டிரைவர் இருபத்திரண்டு வருஷம் பஸ் ஓட்டியவர். அவ்வளவு வருஷத்தில் யாரையும் ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை என்று சொன்னால் பச்சைப் பொய். படிக்கட்டில் தொங்குகிறவர்களை அவர் திட்டுகிற அழகுக்காகவே அந்த பஸ்ஸுக்குக் காத்திருந்து ஏறியவர்கள் உண்டு. அந்த வாய்தான் ஒரு காலையில், டிப்போவில் கண்ணாடி துடைத்துக்கொண்டிருக்கும்போது ஒரு பக்கமாகக் கோணியது. வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியபோது கால் பாதி தேறியிருந்தது, கை கால்வாசி. பேச்சு மட்டும் குறுகிய சந்தில் லாரி திருப்புகிற மாதிரி முன்னே போய், பின்னே வந்து, ஒவ்வொரு வார்த்தையாக வெளியே வந்தது.

அவர் மனைவி முன்னறையில் ஜன்னலோரம் மெஷின் போட்டு வண்டிகளுக்கு சீட் கவர் தைக்கிறவள். தெருவே அவளைத் தையலம்மா என்றுதான் கூப்பிடும். புருஷன்மேல் உயிரையே வைத்திருந்தாள். அதனால் அவர் திணறுவதைப் பார்க்கப் பொறுக்காது. “தண்ணி...” என்று அவர் ஆரம்பித்தால் சொம்பு கைக்கு வந்துவிடும். “நேத்து அந்த...” என்றால், “கரண்ட் பில்லா? கட்டியாச்சு” என்று முடித்துவிடுவாள். பத்துக்கு எட்டு சரியாகவே இருக்கும். மீதி இரண்டை அவர் திருத்தப் போவதில்லை. நாளாக நாளாக வாக்கியம் ஆரம்பிப்பதையே விட்டுவிட்டார். தலையாட்டுவார், கையைக் காட்டுவார். வீடு அமைதியாக நடந்தது.

அந்த அமைதியைக் கெடுக்கத்தான் குதிரை வந்தது. கொண்டுவந்தவன் தையலம்மாவின் தம்பி, தெருமுனையில் வெல்டிங் பட்டறை வைத்திருப்பவன். பொருட்காட்சிகளில் குழந்தைகளை ஏற்றிச் சுற்றிவந்த மட்டக்குதிரை அது. நடத்தினவர் தொழிலை மூட்டைகட்டிவிட்டு ஊரைக் காலி செய்தார். யாராவது வைத்துக்கொண்டால் சரி என்று சும்மாவே கொடுத்துவிட்டார்.

“மாமா, ஏரிக்கரைப் பூங்காவுல பெட்ரோல் வண்டிய நிறுத்திட்டாங்க. வயசானவங்க, குழந்தைங்க போக ஒரே ஒரு குதிரை வண்டிக்கு அனுமதி தரப்போறாங்களாம். வண்டிய நான் செஞ்சு தர்றேன். நீங்க ஓட்டுங்க” என்றான்.

டிரைவர் தன் வலது கையைத் தூக்கிக் காட்டினார். அது பாதி வழியிலேயே நின்றது.

“கடிவாளத்த இழுத்தாத்தான் ஓட்டுறதா? வாயால சொன்னா கேக்குற மாதிரி பழக்குங்க. பஸ்ஸுல அவ்வளவு பேரையும் வாயாலதானே மேய்ச்சீங்க?”

யோசிக்காமல் பேசுகிறவன்தான். ஆனால் அந்த வார்த்தை டிரைவர் மனசில் போய் உட்கார்ந்துவிட்டது. மறுபடியும் ஏதாவது ஒன்றை ஓட்டவேண்டும். தான் சொன்னால் அது போகவேண்டும், தான் சொன்னால் அது நிற்கவேண்டும். ராத்தூக்கம் கெடுகிற அளவுக்கு ஆசைப்பட்டார். வெளியே சொல்லவில்லை. சொல்ல ஆரம்பித்தால் அவள் முடித்துவிடுவாளே.

குதிரைக்குத் துரை என்று பெயர் வைத்தது தையலம்மா. நாலு காலிலும் வெள்ளை சாக்ஸ், சரியாக ஏழு மணிக்குச் சாப்பாடு, ஈரத் தரையில் கால் வைக்காது. வேறு என்ன பெயர் வைக்க?

காசு போட்டு எதுவும் வாங்கவில்லை. உடைப்புக் கடையில் கிடந்த லாரிகளின் சீட் பெல்ட்டை அறுத்து வந்து, தையலம்மா இரட்டைத் தையல் போட்டு மார்ப்பட்டையும் இடுப்புப் பட்டையும் தைத்தாள். உறுத்தாமல் இருக்க உள்ளே பழைய கம்பளித் துண்டு. தட்டையாக இருந்தால்தான் ஒற்றைக் கையில் வழுக்காது என்று கடிவாள வாரும் சீட் பெல்ட்டிலேயே. வாயில் இரும்பு வைக்கவில்லை, தலைப்பட்டையோடு சரி. தம்பி தண்ணீர்க் குழாய்களை வளைத்து ஏர்க்கால் அடித்தான். இரண்டு மொபெட்டின் சக்கரம், ஓட்டை பஸ்ஸின் சீட். சீட் மட்டும் டிரைவரே போய்ப் பொறுக்கி எடுத்தார்.

நாலே வார்த்தை என்று முடிவு செய்தார். போ, நில், இடம், வலம். அவர் நாக்குக்கு அதற்குமேல் தாங்காது. தினமும் விடியற்காலை துரையின் பின்னால் வாரைப் பிடித்துக்கொண்டு சந்தில் நடப்பார். “போ” என்பார். நடப்பார். “நி...ல்” என்பார். நிற்பார். துரையும் நிற்கும். இடப்பக்கம் திரும்பச் சொல்லவே வேண்டாம், வருஷக்கணக்காக வட்டம் சுற்றிய உடம்பு தானாகத் திரும்பும். வலப்பக்கம் திரும்ப இரண்டு மாதம் ஆனது. அந்த இரண்டு மாதமும் தெருவில் எந்த வேலையாகப் போனாலும் இடப்பக்கமாகச் சுற்றிக்கொண்டுதான் வந்தார்கள்.

அப்புறம் வெறும் டயரை இழுக்க வைத்தார். சத்தத்துக்குப் பயம் தெளிந்ததும் பலகை, பலகைமேல் மணல் மூட்டை, கடைசியில் காலி வண்டி. அவர் பின்னாலேயே நடந்தார். ஏழு மாதத்தில் ஒரு நாள்கூட துரை “நில்”லுக்கு நிற்காமல் இருந்ததில்லை. பூங்கா அனுமதிக்காகக் கால்நடை டாக்டரம்மா வந்து பரிசோதிக்கும் தேதியும் குறித்தாகிவிட்டது. இன்னும் பதினாலு நாள். மூன்று தடவை சொல்லி மூன்று தடவையும் நிற்கவேண்டும், வார் தொய்வாக இருக்கவேண்டும். ஒற்றைக் கைக்காரருக்கு அதுதான் நிபந்தனை.

“இன்னைக்கு ஏறி உக்காருங்க மாமா” என்றான் தம்பி.

ஏறினார். பஸ் சீட்டில் முதுகு சாய்ந்ததும் முகமே மாறிவிட்டது. “போ” என்றார். துரை போனது. சந்தின் முனை வந்ததும் “நில்” என்றார். துரை நிற்கவில்லை. மறுபடி சொன்னார். காதில் விழுந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. பதறிப்போய் இடது கையால் வாரை இழுத்தார். ஒரு பக்கமாக இழுபட்டதும் துரைக்குப் பழைய ஞாபகம் வந்து, அழகாக இடப்பக்கம் வட்டமடித்து, இஸ்திரிக்காரர் மேஜையில் போய் முட்டியது. மடித்து வைத்த சட்டை எல்லாம் தெருவில். நல்லவேளை, பெட்டி ஸ்டாண்டில் இருந்தது.

“டிரைவரண்ணே, வண்டிக்கு பிரேக் எங்க வச்சிருக்கீங்க?” என்று கேட்டார் இஸ்திரிக்காரர். கோபமாகக்கூட இல்லை. எல்லாவற்றையும் பொறுக்கி எண்ணிப் பார்த்தபோது ஒரு சட்டை குறைந்தது. அதைத்தான் அப்புறம் வீடு வீடாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

தம்பி சும்மா இருந்திருக்கலாம். “மாமா, நீங்க சொல்றது அதுக்குப் புரியல போல. நான் சொல்லிப் பாக்குறேன்” என்று ஏறி, தெரு அதிர “நில்” என்று கத்தினான். அவனுக்கும் நிற்கவில்லை. ஆனால் டிரைவர் அதைப் பார்க்கவில்லை. முதல் வாக்கியத்தோடு வீட்டுக்குள் போய்விட்டார்.

மூன்று நாள் அவர் வாரைத் தொடவில்லை. தன் வாய் ஒரு குதிரைக்குக்கூட உதவாமல் போய்விட்டது என்று நினைத்தார். சோறு இறங்கவில்லை.

நாலாம் நாள் காலை துரைக்குப் புல் போடக் கொல்லைப் பக்கம் போனார். கயிறு கட்டாமல் விட்டிருந்ததால் துரை அவர் பக்கத்திலேயே வேலியோரமாக நடந்து வந்தது. பாதியில் மூச்சு வாங்கி நின்றார். துரையும் நின்றது. மறுபடி நடந்தார். துரையும் நடந்தது. பின்வாசலில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த தையலம்மா கையை உதறிக்கொண்டு எழுந்தாள்.

“ஏங்க, இப்ப நில்லுன்னு சொன்னீங்களா?”

இல்லை என்று தலையாட்டினார்.

“இன்னொரு தடவ நடங்க. நடந்துக்கிட்டே நில்லுன்னு சொல்லுங்க. ஆனா நிக்காதீங்க.”

நடந்தார். வலது கால் செருப்பு தரையில் இழுபட்டு சரக், சரக் என்றது. “நில்” என்றார். அவரும் நடந்தார், துரையும் நடந்தது. அவர் நின்றார். செருப்புச் சத்தம் நின்றது. அடுத்த அடியே துரை நின்றது.

இரண்டு பேரும் துரையைப் பார்த்தார்கள். அது புல்லைப் பார்த்தது.

“ஏழு மாசமா இது உங்க வார்த்தையக் கேக்கவே இல்லைங்க. செருப்பத்தான் கேட்டுருக்கு. வண்டியில ஏறிட்டா செருப்பு ஏது?” என்று சிரித்தாள் தையலம்மா. சிரிப்பு பாதியில் நின்றது. “அதக் குத்தம் சொல்லி என்ன? நானும் அப்படித்தானே இருக்கேன். மெஷின்ல உக்காந்தே செருப்புச் சத்தத்த வச்சு, தண்ணிக்கு வர்றீங்களா, வாசலுக்குப் போறீங்களான்னு தெரிஞ்சுக்குவேன். நீங்க என்ன சொல்ல வர்றீங்கன்னு கேட்டு எவ்வளவு நாளாச்சு.”

டிரைவருக்குக் கண் கலங்கியது. வாய் பழுதில்லை என்ற நிம்மதியா, அவள் சொன்ன கடைசி வார்த்தையா என்று அவருக்கே தெரியவில்லை. வாரை எடுத்துவரச் சொல்லிக் கையைக் காட்டினார். உடனே அந்தக் கையை மடக்கிக்கொண்டு, “வா...ரு” என்றார்.

மிச்சம் பத்து நாள். பழைய செருப்பு ஒன்றைக் குச்சியின் நுனியில் ஆணியடித்தார். வண்டியில் உட்கார்ந்து, வாரை மடியில் போட்டுவிட்டு, இடது கையால் அதைக் கால்பலகையில் சரக், சரக் என்று தேய்த்துக்கொண்டே போவார். முதலில் “நில்” என்ற வார்த்தை, அதற்கப்புறம்தான் செருப்பை நிறுத்துவது. வார்த்தை வந்தால் சத்தம் நிற்கும் என்று துரைக்குப் புரியவேண்டும், அவ்வளவுதான். நாளுக்கு நாள் செருப்பை மெதுவாகத் தேய்த்தார். குதிரைக்குச் செருப்படி பயிற்சி என்று தெரு சிரித்தது. செருப்பே இல்லாமல் ஒன்பதாம் நாள் ஐந்து தடவை சொன்னதில் துரை மூன்று தடவை நின்றது. மூன்றை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பரிசோதனைக்குக் குச்சியையும் எடுத்துப் போனார்.

டாக்டரம்மா கறாரான ஆள். பூங்காப் பாதையில் நின்றுகொண்டு போகச் சொன்னார், நிறுத்தச் சொன்னார். துரை நின்றது. இரண்டாவது தடவையும் நின்றது. கிட்டே வந்து கால்பலகையைப் பார்த்தார்.

“அது என்ன குச்சி?”

“பழ...க்கத்துக்கு.”

“அதக் கீழ போடுங்க. அந்த ரெண்டும் கணக்குல வராது. முதல்ல இருந்து வாங்க.”

குச்சியைப் போட்டார். கேட்டுக்கு வெளியே தம்பியோடு நின்ற தையலம்மா முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். முதல் தடவை, சொன்ன பிறகு நாலு அடி போய் யோசித்து நின்றது. இரண்டாவது தடவை உடனே நின்றது. மூன்றாவதுக்குப் போகும்போது டாக்டரம்மா தோட்டக்காரருக்குக் கையைக் காட்ட, அவர் புல்வெட்டும் மெஷினை இழுத்துக் கிளப்பினார். துரை தலையை உதறிக்கொண்டு ஓட்டமெடுத்தது. வண்டி குலுங்கியதில் வார் கையிலிருந்து நழுவி மடியில் விழுந்தது.

“நி...” என்றார் டிரைவர். நாக்கு ஒட்டிக்கொண்டது. துரை ஓடியது. அவசரப்பட்டால் வராது என்று அவருக்குத் தெரியும். மூச்சை இழுத்து, பஸ் ஓட்டிய காலத்துக் குரலில், முழுசாக, “நில்” என்றார்.

துரையின் காது இரண்டும் பின்னால் திரும்பின. இரண்டு தப்படி. நின்றது.

டாக்டரம்மா நடந்து வந்தார். உண்மையை மறைக்க டிரைவருக்கு மனசில்லை. “ரெண்...டாவது தடவ...தான் நின்னுச்சு” என்றார்.

“நீங்க ரெண்டாவது தடவதானே முழுசா சொன்னீங்க” என்று சொல்லிவிட்டு, டாக்டரம்மா வண்டியின் பக்கப் பலகைமேல் காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

வீட்டுக்குத் திரும்பும்போது தம்பி சைக்கிளில் முன்னால் போய்விட்டான். தையலம்மா பஸ் சீட்டில் புருஷன் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாள். ஏரிக்கரை ஆரம்பிக்கிற இடத்தில் அவர், “அந்த... இஸ்திரி...” என்று ஆரம்பித்தார். இஸ்திரிக்காரருக்குத்தான் முதலில் விஷயத்தைச் சொல்லணுமா என்று கேட்க அவளுக்கு வாய் வரைக்கும் வந்துவிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டு துரையின் காதைப் பார்த்தாள்.

“...காரர் சட்டை... ஒண்ணு... காணோம்னு... தேடுறார்ல?”

“ம்.”

“சக்...கரத்துல மாட்டி... கிழிஞ்சுபோச்சு. நான்தான்... தவிட்டு மூட்டைக்குள்ள... ஒளிச்சு வச்சுருக்கேன். தைச்சு... குடு.”

சொல்லி முடிக்க ஏரிக்கரையில் பாதி தூரம் ஆகியிருந்தது. அவள் அவரையே பார்த்தாள். பாவம், அந்த மனுஷன் பதினாலு நாளாக வாசல் வாசலாக ஏறி இறங்குகிறார்.

“அன்னைக்கே சொல்லியிருக்கலாமே.”

டிரைவர் வாரைச் சரியாகப் பிடித்துக்கொண்டார்.

“சொல்ல... வந்தேன். டீயான்னு கேட்டு... போட்டுக் குடுத்துட்ட.”