பழனி தண்ணீர் தெளித்த சதை

இடக்கை பழைய இழையைப் பிடித்தது. வலக்கை புதிய இழையை அதன்மேல் வைத்து, சாம்பல் தொட்ட விரலால் ஒரு முறுக்கு முறுக்கி விட்டது. அடுத்த இழை. தறியில் நீளவாக்கில் ஓடி முடிந்துபோன நூல்களான பாவின் நுனியோடு புதுப் பாவை இப்படி ஒவ்வோர் இழையாகப் பிணைத்தால்தான் அடுத்த சேலையைத் தொடங்க முடியும். விரல்கள் அலுத்துக்கொள்ளவில்லை. வேலை முடிந்து தரையை விட்டு எழும்போதுதான் வம்பு. கைகளைத் தொடைகளில் மாற்றி மாற்றி ஊன்றி, தன் உடம்பின் மேலேயே ஏறுவதுபோல எழ வேண்டியிருந்தது.

அந்தக் கைகள் இந்திராணியுடையவை. பிள்ளையார்பாளையத்தில் தறி இருக்கும் வீடுகளுக்குப் போய்ப் பாவு பிணைப்பது அவள் தொழில். 1998-ல் அவளுக்குத் தரையிலிருந்து எழ வரவில்லை. கையைத் தூக்கித் தலைவாரவும் வரவில்லை. விரல்கள் மட்டும் பழைய வேகத்திலேயே ஓடின. அவள் நோய்க்குச் சாட்சி சொல்ல வேண்டிய நேரத்தில் அவை எதிர்க்கட்சிக்குப் போய்விட்டன.

"வெரலு மட்டும் மிஷினாட்டம் ஓடுது, எந்திரிக்க மட்டும் வரலையாம்," என்றாள் மாமியார் மங்கையர்க்கரசி. "எங்க காலத்துல இந்தச் சீக்கெல்லாம் ஏதுமா? வேலதான் இருந்திச்சி."

மருத்துவர் அவளைத் தரையில் உட்காரவைத்து எழச் சொன்னார். தெரு முழுக்க மாதக்கணக்கில் இலவசமாகப் பார்த்துச் சிரித்த காட்சிதான். அவர் சிரிக்கவில்லை. சதையில் அழற்சி என்றால் மாத்திரைக்கு அடங்கும், பிறவியிலேயே வந்த சதைத் தேய்வு என்றால் மாத்திரை கிடையாது என்றார். எது என்று தெரிய, தொடையில் ஒரு துண்டு சதை வெட்டி, சென்னை ஆய்வுக்கூடத்தில் உறையவைத்துச் சீவிப் பார்க்க வேண்டும்.

"துணிக்குத்தான் சாம்பிள் வெட்டுவாங்க," என்று மங்கையர்க்கரசி வியந்தாள்.

வெட்டினார்கள். நர்ஸ் மரியம்மாள் அந்தத் துண்டை உப்புநீரில் நனைத்துப் பிழிந்த துணியில் சுற்றி, டப்பாவில் மூடி, ஐஸ் நிரப்பிய பிளாஸ்க்கில் வைத்தாள். "தொறக்கக் கூடாது. எதையும் ஊத்தக் கூடாது. நேரா கொண்டுபோய்க் குடுங்க."

கேட்டுக்கொண்டவன் கொழுந்தன் பழனி, தறி நெய்கிறவன். தலையாட்டுவதில் அவனை மிஞ்ச ஆளில்லை.

பஸ் ஸ்ரீபெரும்புதூர் தாண்டியதும் அவனுக்குக் கவலை வந்தது. வெளியே நல்ல வெயில். வெயிலில் பாவு காய்ந்தால் இழை அறுந்துவிடும். தண்ணீர் தெளிக்க வேண்டும். இது தெரியாதவன் தறியில் உட்காரக் கூடாது. டப்பாவைத் திறந்து துணியைத் தொட்டுப் பார்த்தான். காய்ந்த மாதிரி இருந்தது. பாட்டில் தண்ணீரைக் கையில் ஊற்றித் தாராளமாகத் தெளித்தான். அண்ணிக்கு என்றால் கஞ்சத்தனம் காட்டுவானா?

உறையவைத்ததும் அந்தத் தண்ணீர் ஐஸ் ஊசிகளாகிச் சதையைச் சல்லடையாக்கிவிட்டது. அந்த ஓட்டைகளில் நோயின் வேலை எது, பழனியின் வேலை எது என்று ஆய்வுக்கூடத்தாரால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. இன்னொரு துண்டு வேண்டும் என்றார்கள்.

"நல்லதுக்குத்தான் தெளிச்சேன் அண்ணி. காஞ்சா அந்துடாதா?"

"அந்துடும்பா. அதுக்கின்னா, எனக்குத்தான் இன்னொரு தொட இருக்குதே."

இரண்டாம் முறை, மரியம்மாள் திட்டத் திட்ட, கட்டுப்போட்ட காலோடு அவளே பஸ் ஏறினாள். பிளாஸ்க் அவள் மடியில். துணைக்கு வந்த பழனியிடம் தண்ணீர் பாட்டில் இல்லை என்று பார்த்த பிறகே உட்கார்ந்தாள்.

"தாகமா இருக்குது அண்ணி."

"மெட்ராஸ்ல போய்க் குடி."

இந்தத் துண்டு தெளிவாகப் பேசியது: அழற்சி. மாத்திரை தொடங்கியது. கால்களில் பலம் ஊறுவதற்கு முன்பே, அந்த மாத்திரையாலேயே முகம் ஊதிவிட்டது.

"சீக்குக்காரி மாதிரியா இருக்கறா? மூஞ்சி பௌர்ணமியாட்டம் இருக்குது," என்று மங்கையர்க்கரசி தன் ஆய்வு முடிவை வெளியிட்டாள்.

சில மாதம் கழித்துப் பழனியின் தறிக்குப் புதுப் பாவு வந்தது. இந்திராணி உட்கார்ந்து பிணைத்தாள். கடைசி இழையை முறுக்கிவிட்டு, பிணைத்த இடம் முழுவதையும் உள்ளங்கையால் ஒருமுறை தடவிப் பார்த்தாள். எதுவும் விடுபடவில்லை. தரையில் ஒரு கையை மட்டும் ஊன்றி எழுந்தாள். தொடையைத் தொடவில்லை. பழனி வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னா பாக்கற? இந்தா, உன் பாவு," என்று நகர்ந்து வழிவிட்டாள். "இதுல எவ்ளோ வேணும்னாலும் தெளிச்சிக்கோ."