முழங்கால் ஆழம்

கதவு சாத்திக்கொள்ளமாட்டேன் என்று அடம்பிடித்தது. எழுபதுகளின் கடைசியில், ஐப்பசி மழை ஓய்ந்த ஒரு வாரம். பசுவந்தனைப் பக்கம் ஓடையை ஒட்டிய கரிசல் காட்டில் நான் கட்டிக்கொடுத்த ஆய்வுக் கொட்டகையின் கதவு அது. கதவின் அடியைச் சீவ இழைப்புளியோடு குனிந்தவன் தரையில் ஒரு விரிசலைப் பார்த்தேன். சந்தேகம் தட்டியது. கருவிகள் நின்ற மேடைமேல் ரசமட்டத்தை வைத்தேன். குமிழி நடுவில் நிற்காமல் கிழக்கே ஒதுங்கியது.

அங்கே ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தவள் என் மனைவி. இயற்பியலில் டாக்டர் பட்டம் வாங்கியவள் கோவில்பட்டி கட்டட கான்ட்ராக்டரைக் கட்டிக்கொண்டாளே என்று ஊரில் கேலி உண்டு. எனக்கு அந்தக் கேலியும் பெருமைதான். விண்வெளியிலிருந்து கண்ணுக்குத் தெரியாத துகள்கள் எந்நேரமும் பூமியில் விழுந்துகொண்டே இருக்கின்றன. கூரையையும் நம் உடம்பையும் துளைத்துப் போகின்றன. அவற்றில் மிகுந்த ஆற்றலோடு வருகிறவை எந்தத் திசையிலிருந்து அதிகம் வருகின்றன என்று எண்ணுவதுதான் அவள் வேலை. சோப்ளாங்கித் துகள்களை வடிகட்ட ஈயப் பாளங்களை அடுக்கி, கிழக்கே பார்த்து ஒரு கருவி, மேற்கே பார்த்து ஒன்று. மழைக்காலத்தில் கிழக்கிலிருந்து கூடுதலாக வருகிறது என்று முந்திய வருடத்துக் கணக்கை வைத்து அவள் எழுதிய கட்டுரை அந்தக் கோடையில்தான் அச்சாகியிருந்தது. பெரிய பெரிய ஆட்கள் வெளிநாட்டிலிருந்து கடிதம் எழுதினார்கள். தபால்காரர் ஸ்டாம்பைக் கேட்டு வாங்கிப்போவார்.

எங்கள் பக்கத்தில் கரிசல் மண்ணை நம்பி யாரும் வீடு கட்டமாட்டார்கள். மழையில் உப்பும், வெயிலில் வாய் பிளக்கும். அதனால் எவ்வளவு ஆழமானாலும் அடியில் கெட்டியான சுக்கான்பாறை தட்டுகிற வரை தோண்டி, மணல் நிரப்பித்தான் அஸ்திவாரம் போடுவோம். ஆனால் அது மனுஷர் குடியிருக்கிற வீட்டுக்கு. பருத்தி போடுகிற கொட்டகைக்கு முழங்கால் ஆழம் போதும். சுவர் கொஞ்சம் சாய்ந்தால் பருத்தி கோபித்துக்கொள்ளாது. நான் பிறந்ததிலிருந்து பார்த்த வழக்கம் இது. கருவி வைக்கிற இடம்தானே, குடியிருக்க ஆளில்லையே என்று நானும் முழங்கால் ஆழத்தோடு நிறுத்திவிட்டேன். வெளியூர்க்காரன் கட்டியிருந்தால் பயந்தாவது ஆழமாகத் தோண்டியிருப்பான். ஓடைப்பக்கத்து மண் ஈரம் குடித்து உப்பி, மேடையையே கிழக்கே தூக்கிவிட்டிருந்தது. துகள்கள் தலைக்கு நேர்மேலிருந்துதான் அதிகம் வரும், கருவியின் பார்வை ஒரு பாகை மேலே தூக்கினாலே எண்ணிக்கை கூடிவிடும் என்று அவள் சாப்பாட்டு நேரத்தில் சொல்லிக் கேட்டிருக்கிறேன். கேட்டவன்தான், மண்டையில் ஏறவில்லை.

மூன்று நாள் சொல்லாமல் இருந்தேன். கோழைத்தனம்தான், வேறென்ன. அவளுடைய பெயரே அந்தக் கட்டுரையில் தொங்கிக்கொண்டிருந்தது. நான்காம் நாள் சாப்பிடும்போது எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவள் கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"எத்தனை நாளாத் தெரியும் உங்களுக்கு?"

"மூணு நாளா."

"அந்த மூணு நாளுதாங்க எனக்கு வருத்தமா இருக்கு. மண்ணு மேல எனக்கு என்ன கோவம்?"

அவளுடைய மேலதிகாரி, கொட்டகையைச் சத்தமில்லாமல் சரிசெய்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கச் சொன்னார். வெளிநாட்டிலிருந்து கடிதம் எழுதினவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்று இவள் கேட்டாளாம். அதன்பிறகு அவள் செய்ததுதான் எனக்கு இன்றைக்கும் மலைப்பு. சாய்ந்ததை உடனே நிமிர்த்த விடவில்லை. ஒரு வருடம் முழுக்கத் தினமும் காலையில் நான் ரசமட்டத்தைப் பார்த்துச் சொல்ல, அவள் அன்றைய எண்ணிக்கைக்குப் பக்கத்தில் எழுதினாள். மேடை கிழக்கே தூக்கிய நாளெல்லாம் கிழக்குத் துகள் கூடியது. மண் காய்ந்து இறங்கியதும் குறைந்தது. பிறகு சுக்கான்பாறை வரை தோண்டி மறுபடி கட்டினேன். அடுத்த மழையில் கிழக்கும் மேற்கும் ஒன்றுபோல நின்றன. முன்பு எழுதியது தவறு என்று அதே பத்திரிகையில் தன் பெயர் போட்டு எழுதினாள். ஒன்றும் இல்லை என்று எழுதவா இம்புட்டுப் படிப்பு என்று டீக்கடையில் ஒரு அண்ணாச்சி கேட்டார். எனக்குச் சுருக்கென்றது.

ஆனால் நடந்தது வேறு. அதேபோல ஒரு திசையில் கூடுதலாகக் கண்டதாகச் சொல்லிக்கொண்டிருந்த மற்ற நாட்டுக்காரர்கள் தங்கள் தரையைச் சோதித்தார்கள். இரண்டு பேர் தங்கள் முடிவைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். சாய்வையும் எண்ணிக்கையையும் சேர்த்தே பதிவு செய்யும் அவள் முறையைக் கேட்டுக் கடிதங்கள் வந்தன. இந்தத் தடவை தபால்காரருக்கு ஸ்டாம்பு வைத்துக்கொள்ளவே இடமில்லை.

அவள் ஓய்வுபெற்ற விழாவில் பேசியவர்கள், அவள் எழுதியதிலேயே அதிகம் பேர் மேற்கோள் காட்டியது அந்தத் திருத்தத்தைத்தான் என்றார்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த எனக்குத் தலையைக் குனிந்துகொள்ளத் தோன்றியது. ஏற்புரைக்கு எழுந்தவள் கூட்டத்தில் என்னைத் தேடிக் கையைக் காட்டினாள். அதுவரை இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்தவள் தமிழுக்கு மாறினாள்.

"அந்தக் கொட்டகையக் கட்டுனது இவியதான். சாஞ்சிருக்குன்னு கண்டுபிடிச்சதும் இவியதான். கொஞ்சம் எந்திரிங்க, எல்லாரும் பாக்கட்டும்."

எழுந்து நின்றேன்.