பாசி மேல் ஒரு தடம்

ராக்னா பள்ளி பஸ் ஓட்டுகிறவள். வயது நாற்பத்தேழு. குளிர்காலம் முழுக்கப் பனியில் பஸ்ஸை உருட்டி, பதினோரு பிள்ளைகளைப் பண்ணை பண்ணையாக ஏற்றி இறக்குவாள். பள்ளிக்கூடம் மூடின மறுநாளே சைக்கிளைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போய்விடுவாள். சரளைக்கென்றே செய்த தடித்த டயர் சைக்கிள் அது. புருஷன் தலைநகரத்துக்குப் போய் அங்கேயே தங்கிவிட்ட வருஷம் வாங்கினாள். புருஷனா சைக்கிளா, ரெண்டில் எது அதிகம் முனகும் என்று ஊரில் கேலி செய்வார்கள். சைக்கிளுக்காவது எண்ணெய் போட்டால் முனகல் நிற்கும் என்பாள்.

அந்த வருஷம் அவள் பட்டபாடு எங்கள் பள்ளத்தாக்குக்கே தெரியும். சாப்பிட மாட்டாள், யாரோடும் பேச மாட்டாள். அவளை மறுபடி மனுஷியாக்கியது எரிமலைப் பாதைதான். செம்மறிகளை ஓட்டிப்போக எங்கள் முப்பாட்டன்கள் போட்ட மண்பாதை அது. கடைசிப் பண்ணையைத் தாண்டிக் கருஞ்சாம்பல் வெளி, சைக்கிளைத் தோளில் சுமந்து கடக்க வேண்டிய ரெண்டு ஆறு, பிறகு உறைந்த எரிகுழம்பின் மேல் மெத்தை மாதிரி படர்ந்த பாசிக்காடு, எரிமலை வாய், அப்புறம் சுற்றிக்கொண்டு ஊருக்கே இறக்கம். மொத்தம் தொண்ணூற்று நாலு கிலோமீட்டர். போன வழியையெல்லாம் கைப்பிடியில் மாட்டிய ஜிபிஎஸ் கருவி வரைபடத்தில் கோடாகப் பதிந்துகொள்ளும். அந்தக் கோட்டை அவள் இணையத்தில் ஏற்றினாள். 'ராக்னா வளையம்' என்று பேராகி, எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் அதைத் தங்கள் கருவியில் இறக்கிக்கொண்டு சைக்கிளோடு வர ஆரம்பித்தார்கள். பெட்ரோல் பங்க் வைத்திருக்கும் அவள் சிநேகிதி சாயுனுக்கு ஆட்டுக்கறி சூப் வியாபாரம் இரட்டிப்பானது.

போன ஜூலையில் வந்தது வினை. எய்விந்துர் குதிரையில் மேலே போனவர், முகம் சிவந்து இறங்கி வந்தார். அவர்தான் எங்கள் மலையரசன். இலையுதிர் காலத்தில் ஆடுகளைத் திரட்டி இறக்கும் அந்த ஒரு வாரம் மலையில் அவர் வைத்ததுதான் சட்டம். பாதை இடதுபுறம் வளைகிற ஓரிடத்தில், வளையாமல் நேரே பாசியைக் கிழித்துக்கொண்டு நாற்பது மீட்டருக்கு ஒரு தடம் போயிருந்தது. கருஞ்சாம்பல் தெரியுமளவுக்கு டயர்கள் அரைத்திருந்தன.

எங்கள் பக்கத்தில் பாசியை மிதித்தவனைவிட ஆடு திருடினவனுக்கு மரியாதை அதிகம். ஆடு அடுத்த வருஷம் குட்டி போடும். பாசி ஒரு விரல் கனம் வளர ஒரு ஆயுசு வேண்டும்.

"வெளியூர்க்காரன் வேலை. ஜெர்மன்காரனா இருப்பான்" என்றார் எய்விந்துர். எரிமலைப் பாதையில் இனி சைக்கிளே கூடாது என்று தீர்மானம் போட, மேய்ச்சல் நிலக்காரர்களைக் கூட்டத்துக்கு அழைத்தார்.

பாதை போய்விடுமே என்று ராக்னா பதறினாள். 'என் வழி ஒழுங்காகப் பாதையோடுதான் போகிறது' என்று காட்டுவதற்காகக் கணினியைத் திறந்தாள். அந்த வளைவைப் பெரிதாக்கிப் பார்த்தாள். கோடு வளையவில்லை. நேரே போனது.

ரெண்டு வருஷத்துக்கு முந்தைய பனிமூட்டம் அப்போதுதான் ஞாபகம் வந்தது. முன்சக்கரம்கூடத் தெரியாத மூட்டம். பாதையோரக் குறிக்கம்புகள் குளிர்காலக் காற்றில் விழுந்து கிடந்தன. சக்கரத்துக்கடியில் மெத்தென்று அமுங்கியபோது சுதாரித்து, எப்படியோ அந்தப் பக்கம் பாதையைப் பிடித்துவிட்டாள். வழக்கமாக ஒவ்வொரு தடவையும் வீட்டுக்கு வந்ததும் புதுக் கோட்டைச் சரிபார்த்துத் திருத்தி, பிறகுதான் பழையதை எடுத்துவிட்டு ஏற்றுவாள். அன்று தொப்பலாக நனைந்து வந்தவள், பார்க்காமல் ஏற்றிவிட்டு வெந்நீர்த் தொட்டியில் போய்ப் படுத்துக்கொண்டாள். அதற்கப்புறம் வந்தவர்கள் எல்லாம் பட்டப்பகலில் கண்ணெதிரே பாதை வளைவதைப் பார்த்தும் கருவி காட்டிய கோட்டைத்தான் நம்பினார்கள். கோட்டை உடனே திருத்தினாள். பாசியை எதைக் கொண்டு திருத்துவது?

சாயுனிடம் மட்டும் சொன்னாள்.

"கோட்டைத் திருத்திட்டேல்ல? அப்புறம் என்ன, வாயை மூடிட்டு இரு. ஜெர்மன்காரன் தலையிலேயே விடியட்டும். அவன் என்ன இங்கயா குடியிருக்கான்?"

"அவன் என் கோட்டைப் பிடிச்சுட்டுத்தானே வந்தான்."

"வந்தவனுக்குக் கண்ணு எங்க போச்சு? இதோ பாரு, நீ சொன்னாலும் பாதையை மூடுவாங்க, சொல்லாட்டியும் மூடுவாங்க. சொல்லாம இருந்தா உன் மானமாவது மிஞ்சும்டி."

சாயுன் சொன்னதில் நியாயம் இருந்தது. தொண்ணூறு பேர் உள்ள பள்ளத்தாக்கில் அவப்பெயர் வந்தால் ஓடி ஒளிய இடம் கிடையாது. நீச்சல் குளம், தேவாலயம், பெட்ரோல் பங்க், எங்கே திரும்பினாலும் அதே முகங்கள்தான். கூட்டம் வரைக்கும் ஒன்பது நாள் அதை மனசில் வைத்துக்கொண்டே திரிந்தாள்.

கூட்டத்தன்று ஊர் மன்றத்தில் காபியும், தட்டை ரொட்டி மேல் புகைக்கறியும் வைத்திருந்தார்கள். எய்விந்துர் தடத்தின் படங்களைச் சுவரில் ஒட்டினார்.

"பாசிக்கு வாய் இல்ல. அதுக்காக நான் பேசறேன். சைக்கிள் வேணாம்கிறவங்க கையைத் தூக்குங்க."

கைகள் எழத் தொடங்கின. ராக்னா எழுந்தே விட்டாள்.

"அது என்னோட தடம்."

பின்வரிசையில் ஒருவன் சிரித்தான். "நூறு டயர் தடம் இருக்கு. நீ ஒருத்தியே நூறு தடவை போனியா?"

"முதல் டயர் என்னோடது. மத்தவங்க என்னை நம்பி வந்தவங்க." பனிமூட்டம், விழுந்து கிடந்த கம்பு, பார்க்காமல் ஏற்றிய கோடு, எல்லாவற்றையும் சொன்னாள்.  "மூடணும்னா எனக்கு மட்டும் மூடுங்க. நான் இனிமே மேல வரல. வர்றவங்களுக்குப் பாதையை விட்டுடுங்க."

அந்தப் பாதை அவளுக்கு என்ன என்று தெரிந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"உனக்கு இது எப்பத் தெரியும்?" என்று கேட்டார் எய்விந்துர்.

"ஒன்பது நாளா."

"ஒன்பது நாளா நான் ஊரெல்லாம் ஜெர்மன்காரனைத் திட்டிட்டுத் திரிஞ்சேன்."

"கேட்டுட்டுதான் இருந்தேன்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். எய்விந்துர் சிரிக்கவில்லை. கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"கம்பு விழுந்து கிடந்துதுன்னியே" என்றார். "வசந்தத்துல கம்பை நிமித்தி நடறது மலையரசன் வேலை. அந்த வருஷம் எனக்கு இடுப்புப் பிடிப்பு. ஒருத்தர்கிட்டயும் சொல்லல, நடவும் இல்ல." சுவரிலிருந்த படங்களைத் தானே பிய்த்தெடுத்தார். "பாதை திறந்தே இருக்கட்டும். நீயும் வா. ஆனா அந்த வளைவுக்கு ஒரு பேர் இல்ல. பேர் இருந்தா ஆள் உஷாரா இருப்பான்."

ஆடு திரட்டும் வரைபடத்தை விரித்துப் பென்சிலால் எழுதினார்: ராக்னா பிசகு.

எங்கள் பள்ளத்தாக்கில் பேர் வைப்பது இப்படித்தான். பாதிரி முழுகின மடு என்று ஒன்று இருக்கிறது. அவர் நாற்பது வருஷம் செய்த பிரசங்கத்தில் ஒரு சொல்கூட மிஞ்சவில்லை, முழுகினது மட்டும் முந்நூறு வருஷமாக நிற்கிறது. ராக்னாவுக்கு இது தெரியும். 

"வேற பேரே கிடைக்கலையா உனக்கு?"

"வளையத்துக்கு உன் பேரை வெச்சப்ப இப்படிக் கேட்டியா?" என்றார் எய்விந்துர்.

தடத்தில் பாசி மறுபடி பிடிக்கட்டும் என்று ராக்னா கூரைகளில் வளர்ந்த பாசியைச் சுரண்டி, மோரில் கரைத்து, வாளி வாளியாக மேலே கொண்டுபோய்ப் பூசினாள். கோடை முடியும்வரை அதே வேலை. பிடித்ததா என்று அவள் பேரப்பிள்ளை காலத்தில்தான் தெரியும், அவளுக்கோ பிள்ளையே இல்லை என்று சொல்லிச் சாயுன் அழுதாள். ராக்னா அழவில்லை. மறுநாளும் வாளியோடு போனாள்.

இந்த ஜூனில் சைக்கிள்காரர்கள் ரெண்டு பேர் சாயுனின் கடையில் வழி கேட்டார்கள்.

"ரெண்டாவது ஆத்தைத் தாண்டினா ராக்னா பிசகுன்னு பலகை இருக்கும்" என்றாள் சாயுன். "அங்க கருவியைப் பாக்காதீங்க, பாதையைப் பாருங்க."

"ராக்னாங்கிறது யாரு? அந்தக் காலத்து ஆளா?"

சாயுன் மூலை மேஜையைப் பார்த்தாள். அங்கே சூப் குடித்துக்கொண்டிருந்தவள் ஸ்பூனைக் கீழே வைத்தாள்.

"நான்தான்" என்றாள் ராக்னா. "இடது பக்கம் திரும்புங்க."