வண்டி வேண்டாம்

சலவைக்கூடத்தில் அவளுக்குப் பட்டாசு என்று பெயர். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் சலவைக்கூடம் அது. வார்டுகளிலிருந்து மூட்டை மூட்டையாக இறங்கும் படுக்கை விரிப்புகள் துவைத்து வந்ததும், அவற்றைச் சூடான உருளைகளுக்கு நடுவே விட்டு, மறுபக்கம் இழுத்து மடிப்பது அவள் வேலை. காலையில் நின்றால் சாயங்காலம் வரை நிற்க வேண்டும். ஒரு முக்காலியாவது போடுங்கள் என்று கேட்டதற்கு, உட்கார்ந்தால் வேலை ஓடாது என்றார் மேற்பார்வையாளர். "ஓஹோ, நீங்க உட்கார்ந்தே இருக்கிறதாலதான் உங்க வேலை ஓடலையா சார்?" என்று அவள் திருப்பிக் கேட்டாள். அந்தப் பெயர் அன்றைக்கு வந்தது.

மூக்குக்கு மேல் கோபம் என்று எல்லோரும் சொன்னார்கள். கோபத்துக்குக் காரணம் உண்டா என்று யாரும் கேட்டதில்லை. காரணங்களில் பெரியது வீட்டு வாசலில் நின்றது. அது அவள் கணவனின் வேன்.

அவர் வாடகை வேன் ஓட்டுகிறவர். குடிப்பழக்கம் இல்லை, கை நீட்டியதில்லை, சம்பாதித்ததை வீட்டில்தான் கொடுத்தார். இதைச் சொல்லிச் சொல்லியே உறவுக்காரர்கள் அவள் வாயை அடைத்தார்கள். ஆனால் கல்யாண வீட்டில் மாப்பிள்ளையாகவும் இழவு வீட்டில் பிணமாகவும் தானே இருக்க வேண்டும் என்று நினைக்கிற ஆள் அவர். வேனில் ஏறிவிட்டால் அது இன்னும் மோசம். எப்போது கிளம்புவது, எங்கே நிறுத்துவது, எவ்வளவு நேரம் பார்ப்பது எல்லாம் அவர் வைத்ததே சட்டம். ஒண்ணுக்குப் போக வேண்டும் என்றால்கூட அவருக்குத் தோன்றுகிற இடத்தில்தான் வண்டி நிற்கும்.

கடைசியாகத் தலைநகரத்துக்குப் போனபோது வேன் நிறைய சொந்தக்காரர்கள். நிறுத்த இடமில்லை என்று அவர் எங்குமே நிறுத்தவில்லை. "அதோ மியூசியம், அதோ பெரிய பாலம்" என்று கையை மட்டும் நீட்டினார். நடுநடுவே முன்னால் போகிற வண்டிக்காரனின் வம்சத்தையே இழுத்துத் திட்டினார். பட்டாசு சாப்பாட்டுப் பாத்திரத்தை மடியில் இறுக்கிப் பிடித்தபடி போய், அப்படியே திரும்பி வந்தாள். அவர் தெரு முழுக்க, ஊரையே சுற்றிக் காட்டிவிட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவளுக்குக் கழுத்து வலி போக ஒரு வாரம் ஆயிற்று.

இனிமேல் போனால் ரயிலில் போவது, அதுவும் சும்மா உட்கார்ந்துவிட்டு வருவதற்காகப் போவது என்று அவள் முடிவு செய்தாள். துணைக்கு நாத்தனாரைக் கூட்டிக்கொண்டாள். கேட்டவர்கள் வாயைப் பிளந்தார்கள்.

நாத்தனார் அவருக்குத் தங்கை. புருஷன் இறந்த பிறகு பின்னறையில் வந்து தங்கியவள். அதிர்ந்து பேச மாட்டாள். அண்ணனை எதிர்த்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதனாலேயே பட்டாசுக்கு அவள்மேல் எரிச்சல். ஊமை ஊரைக் கெடுக்கும் என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வாள். ஒரே அடுப்படியில் இருவரும் வருஷக்கணக்காகச் சத்தமில்லாமல் சண்டை போட்டு வந்தார்கள். இவள் இறக்கிய மூடியை அவள் எடுத்து வேறு இடத்தில் வைப்பாள். அவள் நறுக்கிய காயை இவள் இன்னும் பொடியாக நறுக்குவாள்.

ஒருநாள் பட்டாசு கைப்பேசியில் அந்த நகரத்து டிராம் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னாலிருந்து நாத்தனார் எட்டிப் பார்த்து, "அது ஆத்தோரமாத் திரும்புற எடத்துல வேகமே இருக்காது அண்ணி. தூக்கம் வந்துடும்" என்றாள். கல்யாணத்துக்கு முன்னால் அங்கே ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தவள் அவள். வீட்டில் யாரும் அதைப் பேசுவதில்லை என்பதால் பட்டாசுக்கே அது மறந்து போயிருந்தது.

அன்றிலிருந்து திட்டம் இருவருடையதாயிற்று. விடியாமல் எழுந்து ஓடக் கூடாது. ஆபீஸ் கூட்டம் போன பிறகுதான் ரயில். தங்கும் விடுதி டிராம் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், பையைத் தூக்கிக்கொண்டு அலையக் கூடாது. காலையில் ஓரிடம், மாலையில் ஓரிடம், நடுவே காலை நீட்டிப் படுக்க வேண்டும். பட்டாசு கேட்டது டிராமில் ஒரு ஜன்னலோரம். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை இறங்காமல் போய், அதே வண்டியில் திரும்ப வேண்டும். நாத்தனார் கேட்டது படகு. ஆற்றின் அக்கரைக்குப் போய்வருகிற சாதாரணப் பயணிகள் படகு. வேறொன்றும் வேண்டாம் என்றாள். மூடி, காய் எல்லாம் மறந்து, அடுப்படியில் சிரிப்புச் சத்தம் கேட்டது.

அந்தச் சத்தம்தான் அவரை உள்ளே வரவழைத்தது. விஷயத்தைக் கேட்டதும் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. வாசலில் சொந்த வண்டி நிற்கும்போது பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் வரிசையில் நிற்பதா, நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்றார். வழி தெரியாமல் தொலைந்து போவீர்கள் என்றார். பையை எவனாவது அடித்துக்கொண்டு போவான் என்றார். கடைசியில், "அப்படி என்ன என் வண்டியில முள்ளா இருக்கு?" என்று கேட்டார்.

"வண்டியில முள்ளு இல்ல. ஓட்டுறவர் நாக்குலதான் இருக்கு" என்றாள் பட்டாசு.

நாத்தனார் எப்போதும்போல் தலையைக் குனிந்துகொண்டாள். அன்றைக்கும் அவளைப் பார்க்கப் பட்டாசுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

விடுப்புக் கேட்கப் போனால் அங்கே இன்னொரு வம்பு. வீட்டில் கல்யாணமா, யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று மேற்பார்வையாளர் விசாரித்தார். இரண்டும் இல்லை, சும்மா போய் இருந்துவிட்டு வரப் போகிறேன் என்றாள். சும்மா இருப்பதற்கெல்லாம் விடுப்பு கிடையாது என்றார் அவர். யாரையாவது சாகடித்தால்தான் கொடுப்பீர்களா, ஆளை நீங்களே சொல்லுங்கள் என்று அவள் மேஜைமேல் கையை ஊன்றி நின்றாள். கையெழுத்து விழுந்தது.

கிளம்புகிற நாளன்று அவர் ஏதோ சவாரி என்று சொல்லி முன்னதாகவே வேனை எடுத்துப் போய்விட்டார். போய்த் தொலையட்டும், வழியனுப்பவும் வேண்டாம், வயிற்றெரிச்சலும் வேண்டாம் என்று பட்டாசு நினைத்தாள். ரயிலில் கூட்டமில்லை. எதிரெதிர் ஜன்னல் கிடைத்தது. செருப்பைக் கழற்றிவிட்டு எதிர் இருக்கையில் நாத்தனாருக்குப் பக்கத்தில் காலைத் தூக்கிப் போட்டாள். கால் விரல்கள் தானாக விரிந்தன. நாத்தனார் பழைய நிறுத்தங்களின் பெயர்களை முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். சிலவற்றின் பெயர் மாறியிருந்தது. அதற்கு அவள் உதட்டைச் சுழித்தாள்.

நகரத்து ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் எதிரே டிராம் நிறுத்தம். தண்டவாளத்தின் குறுக்கே, விளக்கு மினுக்கிக்கொண்டு, பக்கக் கதவு அகலத் திறந்தபடி நின்றது அந்த வேன்.

அவர் பக்கத்தில் நின்று பல்லைக் காட்டிக்கொண்டிருந்தார். "ஏறுங்க. லாட்ஜுக்குப் போன் பண்ணி ரூம் வேண்டாம்னு சொல்லிட்டேன். பொழுது சாயறதுக்குள்ள எல்லாத்தையும் காட்டிட்டு வீட்டுல கொண்டுபோய் விட்டுடுறேன்."

அவள் கைப்பேசியை நோண்டித்தான் விடுதியின் எண்ணை எடுத்திருக்கிறார். பட்டாசுக்கு நெஞ்சுக்குள் ஏதோ வெடித்தது. அவள் வாயைத் திறப்பதற்குள் அவர் நாத்தனாரின் கையிலிருந்த பையை வாங்க வந்தார். நாத்தனார் பையை விடவில்லை.

"அன்னைக்கும் இப்படித்தான் வந்து நின்ன" என்றாள்.

அவருக்குப் புரியவில்லை. ஏறும்மா, பின்னாடி டிராம் வருது என்றார்.

"கடை வாசல்ல வந்து நின்ன. அம்மாவுக்கு உடம்பு சரியில்ல, ஏறுன்னு சொன்ன. ஏறுனேன்."

பட்டாசு அந்தக் கதையை அதுவரை கேட்டதில்லை. கண்ணாடிக்கு வில்லை பொருத்துகிற வேலையை நாத்தனார் கற்றுத் தேறியிருந்த காலம் அது. கூட வேலை பார்த்த பெண்களோடு ஓர் அறையில் தங்கியிருந்தாள். அண்ணன் வந்து கூப்பிட்டதும் கட்டியிருந்த துணியோடு வண்டியில் ஏறினாள். வீட்டில் அம்மா நன்றாகத்தான் இருந்தாள். கூடத்தில் மாப்பிள்ளை வீட்டார் உட்கார்ந்திருந்தார்கள். அதற்குப் பிறகு இந்த நகரத்தை அவள் வேன் ஜன்னல் வழியாகத்தான் பார்த்தாள். புருஷன் இறந்தபோதும் அப்படியே, கேட்காமல் வந்து நின்றது வேன். அவள் முன்சீட்டில் அழுதுகொண்டு உட்கார்ந்திருக்க, பின்னால் அவள் குடியிருந்த வீட்டின் சாமான்களை அண்ணன் ஏற்றிக்கொண்டிருந்தார்.

இதையெல்லாம் அவள் நடுத்தெருவில், குரலை உயர்த்தாமல், ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னாள்.

"உன் நல்லதுக்குத்தானே எல்லாம் செஞ்சேன்" என்றார் அவர்.

"வாடகைக்கு ஏறுறவங்ககிட்ட எங்க போகணும்னு கேட்டுட்டுத்தானே வண்டிய எடுக்கிற. என்கிட்ட ஒரு தடவ கேட்டிருக்கியா? நானும் பேசாம ஏறி ஏறி உட்கார்ந்தேன். இன்னைக்கு ஏற மாட்டேன். நீ போ."

டிராம் வந்துவிட்டது. ஓட்டுநர் மணியை அடித்துக்கொண்டே இருந்தார். நிறுத்தத்தில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். வாழ்நாள் முழுக்க மற்ற வண்டிகளைப் பார்த்து வழியை விடு என்று கத்திய மனிதரைப் பார்த்து, யாரோ வழியை விடுய்யா என்று கத்தினார்கள். அவர் மனைவியைப் பார்த்தார், நீயாவது சொல்லு என்பதுபோல. பட்டாசு நாத்தனாரின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் கதவை அறைந்து சாத்திவிட்டு வேனை எடுத்துக்கொண்டு போனார்.

டிராமில் ஜன்னலோரம் கிடைத்தது. ஆனால் பட்டாசு எதையும் பார்க்கவில்லை. அவளுக்குக் காது வரை சுட்டது. அவர்மேல் கோபம். இத்தனை வருஷம் இதைச் சொல்லாமல் விழுங்கிக்கொண்டிருந்த நாத்தனார்மேல் கோபம். பக்கத்து அறையில் இருந்தும் கேட்காமல் விட்ட தன்மேல் அதைவிடக் கோபம். "ஏன்டி என்கிட்டகூடச் சொல்லல?" என்று கேட்டாள். "நீங்க எங்க அண்ணி பேச விட்டீங்க" என்று நாத்தனார் சொன்னாள். அந்த நிலைமையிலும் பட்டாசுக்குச் சிரிப்பு வந்தது, உடனே அழுகையும் வந்தது.

நிம்மதியான பயணமாக அது அமையவில்லை. விடுதியில் அறையை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். முன்பதிவு செய்தவளைக் கேட்காமல் எவனோ சொன்னான் என்று எப்படிக் கொடுக்கலாம் என்று பட்டாசு மேலாளரைப் பிடிபிடியென்று பிடித்தாள். கடைசியில் மாடியில் ஓர் அறை கிடைத்தது. ஜன்னலைத் திறந்தால் எதிர்ச் சுவர். மாலையில் மழை பிடித்துக்கொண்டு படகு ஓடவில்லை. இருவரும் கட்டிலில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு, அவரைப் பேர் சொல்லாமல் திட்டித் தீர்த்தார்கள். திட்டுவதில் நாத்தனாருக்கு இவ்வளவு திறமை உண்டென்று பட்டாசு நினைத்ததே இல்லை.

மறுநாள் படகு ஓடியது. வேலைக்குப் போகிறவர்களோடு சேர்ந்து அக்கரைக்குப் போனார்கள். அங்கே பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. ஒரு தேநீர்க் கடையும் சைக்கிள் நிறுத்துமிடமும்தான். திரும்பி வரும்போது நாத்தனார் கண்ணாடிக் கடை இருந்த தெருவைக் கை காட்டினாள். போய்ப் பார்க்கலாமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்றாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரையே பார்த்தபடி நின்றாள். படகில் இடம் இருந்தும் அவள் உட்காரவில்லை.

வீடு திரும்பினால் அவர் பேசவில்லை. நடுத்தெருவில் தங்கை தன் மானத்தை வாங்கிவிட்டாள் என்று உறவுக்காரர்களிடம் சொல்லி வைத்திருந்தார். ஆளாளுக்கு வந்து மன்னிப்புக் கேள் என்றார்கள். நாத்தனார் கேட்கவில்லை. சில மாதங்கள் கழித்துக் கடைத்தெருவில் கண்ணாடிக் கடை ஒன்றில் அவளுக்கு அரை நாள் வேலை கிடைத்தது. கை பழகக் கொஞ்ச காலம் பிடித்தது. பஸ்ஸில் போய்வருகிறாள். அடுத்து எங்கே போவது என்று அவளுக்கும் பட்டாசுக்கும் அடுப்படியில் சண்டை நடக்கிறது, இப்போது தெருவுக்கே கேட்கிற மாதிரி. ஒருத்திக்கு மலை வேண்டும், ஒருத்திக்குக் கடல்.

ஒருநாள் மத்தியானம் அவர் சாப்பிட உட்கார்ந்தபோது வீட்டில் தங்கை மட்டும் இருந்தாள். தட்டைப் பார்த்துக்கொண்டே, இன்னும் கோபமா என்று கேட்டார்.

"ஆமாண்ணே" என்று சொல்லிவிட்டு, அவள் சோற்றைப் போட்டாள்.