மூட்டையில் இறங்கிய கணக்கப்பிள்ளை

சிரித்துச் சிரித்து எனக்கு இன்னும் விலா வலிக்கிறது. தோட்டத்துக்கே மருந்து கலக்கிக் கொடுக்கிறவனுக்கு வலி வந்தால் யாரிடம் போவது, சொல்லுங்கள்?

சென்ற ஞாயிறு எங்கள் லிந்துலைத் தேயிலைத் தோட்டத்து ஃபேக்டரியில் தீயணைப்புப் பயிற்சி. பக்கத்துத் தோட்டத்தில் ஒரு ஃபேக்டரி எரிந்ததிலிருந்து எங்கள் மேனேஜர் தொரைக்குத் தூக்கமில்லை. கொழும்பிலிருந்து ஒரு அதிகாரியையே வரவழைத்துவிட்டார். மாடியில் ஒருவர் புகைக்குள் சிக்கிக்கொள்வார். அவரைப் பத்திரமாகக் கீழே கொண்டுவர வேண்டும். சரியாகச் செய்யாவிட்டால்? அடுத்த ஞாயிறும் பயிற்சி!

அடுத்த ஞாயிறு மாரியம்மன் தேர். வருஷத்தில் ஒருநாள் வரும் தேரைத் தண்ணீர் வாளிக்காக யாராவது விடுவார்களா? தொழிலாளர் குடியிருக்கும் லயமே கதிகலங்கிப் போயிருந்தது.

சிக்கிக்கொள்ளும் வேலை எங்கள் கணக்கப்பிள்ளைக்கு. கொழுந்து நிறுக்கும்போது ஈரம் என்றும் கூடைக் கனம் என்றும் சொல்லித் தினமும் பெண்கள் எடுத்த கொழுந்தின் எடையில் இரண்டு மூன்று றாத்தலைக் கழிக்கிற மனிதர். தொரையே தேர்ந்தெடுத்தார் என்ற பெருமையில் மீசையைத் தடவிக்கொண்டு மாடி ஏறினார்.

மணி அடித்தது. தகரத்தில் மானாப்புல்லைக் கொளுத்திப் புகை போட்டார்கள். நம் ஆட்கள் பாய்ந்து மேலே ஓடினார்கள்... ஓடிய வேகத்தில் ஆளுக்கொரு மூட்டையோடு இறங்கினார்கள். என்ன மூட்டை? கொழுந்து மூட்டை! மாடியில் இருந்த கொழுந்தெல்லாம் ஓர் இலை சிந்தாமல் வெளியே வந்துவிட்டது. கணக்கப்பிள்ளை மட்டும் உள்ளே இருமிக்கொண்டிருந்தார்.

அதிகாரி தலையில் கை வைத்துக்கொண்டார். முதலில் மனிதர்கள், அப்புறம்தான் பொருள் என்று அவர் ஆங்கிலத்தில் கத்த, நான் தமிழில் சொன்னேன். எல்லாரும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். கொழுந்து சிந்தினால் ஏச்சு, வதங்கினால் ஏச்சு என்றே கேட்டுப் பழகிய காதுகள். மனிதன்தான் முதலில் என்று ஃபேக்டரி வாசலில் யாரும் அவர்களுக்குச் சொன்னதில்லை, பாவம்.

இன்னும் ஒரே ஒரு தடவை என்றார் அதிகாரி. இந்த முறை படிக்கட்டு எரிந்துவிட்டதாம். கணக்கப்பிள்ளைக்குக் கால் முறிந்துவிட்டதாம் — ஜன்னல் வழியாகக் கயிற்றில்தான் இறக்க வேண்டுமாம். இதற்குள் குழாய் பிடித்த இளவட்டங்கள் ஜன்னலைப் பார்த்துப் பீய்ச்சியதில் மனிதர் தொப்பலாக நனைந்துவிட்டார். ஏணியில் ஏறிய இருவர் கயிற்றை நீட்டினால், அவர் ஜன்னல் கட்டையைக் கட்டிக்கொண்டு விடமாட்டேன் என்கிறார். உயரம் என்றால் பயமாம்!

எனக்குத் தேர் போச்சு என்றே தோன்றியது.

கீழே நின்ற பார்வதி, கொழுந்து எடுப்பதில் எங்கள் தோட்டத்தின் முதல் கை, அண்ணாந்து பார்த்துச் சொன்னாள்:

"ஐயா, கொழுந்துச் சாக்குக்குள்ள உக்காருங்க. இவங்க மனுசனக் கீழ போட்டாலும் போடுவாங்க, கொழுந்து மூட்டையப் போடமாட்டாங்க."

கணக்கப்பிள்ளை யோசித்தார். நியாயம் என்று பட்டிருக்க வேண்டும். சாக்குக்குள் இறங்கினார். தினமும் மூட்டை ஏற்றுகிற அதே கப்பியில், தலை மட்டும் வெளியே தெரிய, ஆடாமல் அசையாமல் பூப்போல வந்து சேர்ந்தார்.

வந்த மூட்டையைக் கீழே இருந்தவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? பழக்கதோஷம்... நேரே தராசுக் கொக்கியில் மாட்டிவிட்டார்கள்!

பார்வதி சாக்கைத் தொட்டுப் பார்த்தாள்.

"ரொம்ப ஈரமா இருக்குங்களே... எவ்வளவு கழிக்கலாங்க?"

தமிழ் தெரிந்த எங்கள் தொரை முகத்தைத் திருப்பிக்கொண்டு குலுங்கினார். சாக்குக்குள்ளிருந்தும் சிரிப்பு வந்தது. அதிகாரிக்கு எதுவும் புரியவில்லை. ஆனாலும் ஆள் பத்திரமாக வந்துவிட்டாரே, பாஸ் என்றார். தேர் உண்டு! பெண்கள் போட்ட குலவை மலைக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கும்.

திங்கட்கிழமை நல்ல தூறல். நிறுவையில் பார்வதியின் கூடை வந்தது. கணக்கப்பிள்ளை வாயைத் திறந்தார், அவள் முகத்தைப் பார்த்தார், மூடிக்கொண்டார். அன்று ஒருத்திக்கும் ஒரு றாத்தல் கழியவில்லை.

செவ்வாய்க்கிழமை பழையபடி கழித்தார் — அவர்தான் தராசிலிருந்து இறங்கிவிட்டாரே!