விஸ்கிக்குச் சுற்றிய துண்டு

“…பௌர்ணமி போயா நாள்ல எவன் மதினி சாராயக் கடைய தொறந்து வச்சிருப்பான்? அலுமாரியில இருக்கிற அந்த ரெண்டு போத்தலையும் எடுங்க,” என்றார் என் வீட்டுக்காரரின் கூட்டாளி.

மம்பட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு எங்கள் லயத்து வீட்டு வாசலில் நின்றார். உள்ளே நாலு மெழுகுதிரிகளுக்கு நடுவில், பெட்டிக்குள் என் வீட்டுக்காரர் படுத்திருந்தார். பின்னேரம் மூன்று மணிக்கு எடுப்பதென்று பங்குச் சாமியாரிடம் சொல்லியாகிவிட்டது. அதற்குள் குழி வெட்டி முடிக்க வேண்டும்.

எங்கள் தோட்டத்தில் குழி வெட்டுவதற்கென்று தனியாக ஆள் கிடையாது. றப்பர் மரத்தில் பால் வெட்டுகிற ஆட்களில் நாலு பேர் மம்பட்டியோடு இறங்குவார்கள். கூலி என்று நீட்டினால் முகம் சுண்டிப்போகும். ஆனால் முதல் வெட்டு விழுமுன்னே சாவு வீட்டிலிருந்து ஒரு போத்தல் போய்ச் சேர வேண்டும். இருபது வருசமாக அந்த நாலு பேரில் முதல் ஆள் என் வீட்டுக்காரர். இரண்டாவது ஆள்தான் இப்போது வாசலில் நின்றவர். அவரை அண்ணன் என்பார், என்னை மதினி என்பார். சொந்தம் ஒன்றுமில்லை. ஒரே குழிக்குள் நின்று மண் அள்ளிப் போட்ட பழக்கம்தான்.

ஒரு தடவை தேயிலைக் கொழுந்துக் காட்டுப் பக்கத்து லயத்தில் ஓர் அம்மா செத்துப்போனார். அந்த வீட்டில் வசதியில்லை, களவாகக் காய்ச்சுகிற கசிப்புத்தான் வாங்கிக் கொடுத்தார்கள். குடித்தவர்கள் வெட்டிய குழியின் சுவர் ஒரு பக்கம் வயிறு தள்ளிவிட்டது. பெட்டி பாதியில் சிக்கிக்கொண்டது. மேலே பிள்ளைகள் கதற, என் வீட்டுக்காரர் செம்மண் இறுகிய கபுக் கல்லைக் கத்தியால் சுரண்டிச் சுரண்டி அந்தப் பெட்டிக்கு வழி விட்டார். வீட்டுக்கு வந்து கை கழுவிக்கொண்டே, “நம்ம வேலை என்ன புள்ள? ஒரு மனுசனுக்குக் கடைசி காம்பரா, கடைசி வீடு கட்டிக் குடுக்கிறது. அதுல கோணல் இருக்கலாமா? என் குழியில மட்டும் எவனும் கசிப்ப குடிச்சிட்டு இறங்கக் கூடாது, சொல்லிட்டேன்,” என்றார். நான் அவர் வாயிலேயே ஒன்று போட்டேன். அவர் சிரித்தார். எதையும் இப்படித்தான் சொல்லிவிட்டுப் போவார். நானும் அந்தச் சிரிப்பிலேயே விட்டுவிடுவேன்.

“அத எப்படி தம்பி எடுக்கிறது? மகன் கல்யாணத்துக்குன்னு வச்சிருக்காரு,” என்றேன் கூட்டாளியிடம்.

அவர் மம்பட்டியை இறக்கிச் சுவரில் சாய்த்துவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நாலு லயத்துக்குக் கேட்கப் பேசுகிற மனிதர்.

அந்தப் போத்தல்கள் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன்.

போன வருசம் அவருக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டன. கிழமைக்கு இரண்டு தரம் பஸ்ஸில் பெரியாஸ்பத்திரிக்குப் போய் இரத்தம் சுத்தம் பண்ணிக்கொண்டு வருவோம். கால் இரண்டும் வீங்கியிருக்கும். “பாரு, தொரைமாரு பூட்ஸ் போட்ட மாதிரி இருக்குல்ல?” என்பார். அந்த நேரத்தில் எங்கள் கோயில் உபதேசியார் வேளாங்கண்ணிக்கு ஒரு கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு போக ஏற்பாடு செய்தார். நான் தலைமுடி தருவதாக மாதாவிடம் நேர்ந்துகொண்டு, பெயர் கொடுத்தேன். என் தங்கச்சி வந்து அவரைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள்.

புறப்படுகிற அன்று காலையில் அவர் வாசல் இஸ்தோப்பில் கதிரையைப் போட்டு உட்கார்ந்திருந்தார். “வரும்போது ஏர்போட்ல ரெண்டு போத்தல் விஸ்கி வாங்கிட்டு வா,” என்றார்.

“உங்களுக்குப் பைத்தியமா? மாதாகிட்ட உசிரு கேக்கப் போறவ சாராயம் வாங்கிட்டு வரணுமா? தண்ணியவே டாக்டரு அளந்து குடிக்கச் சொல்லியிருக்காரு!”

“எனக்கில்ல புள்ள. ஒரு விசேசம் இருக்கு. நல்ல சாமானா பாத்து வாங்கு. ஒடைக்காம கொண்டாந்திரு, அது போதும்.”

அந்த மாதம்தான் கஹவத்தையிலிருந்து மகனுக்குப் பெண் பேசி வந்திருந்தார்கள். விசேசம் என்றால் எனக்கு அதைத் தவிர வேறென்ன தோன்றும்? அப்பனுக்கு எவ்வளவு ஆசை என்று நினைத்தேன். அந்தக் கல்யாணம் வரைக்கும் இருந்துவிடுவேன் என்று அவரே நம்புகிறார் என்று நினைத்ததில், எனக்குப் பாதித் தெம்பு அங்கேயே வந்துவிட்டது.

வேளாங்கண்ணியில் நான் என்ன கேட்டேன், எப்படி அழுதேன் என்பதெல்லாம் இங்கே வேண்டாம். மொட்டை போட்டு, கடலில் முழுகி, கோயிலில் மந்திரித்த எண்ணெய் ஒரு போத்தல் வாங்கினேன். சின்னக் கண்ணாடிப் போத்தல். காலில் பூசினால் வீக்கம் வற்றும் என்று பக்கத்தில் நின்ற ஓர் அம்மா அடித்துச் சொன்னார். குளித்துக் காயவைத்த இரண்டு துண்டுகளையும் அதற்குச் சுற்றி, சேலைகளுக்கு நடுவே பிள்ளையைப் படுக்க வைப்பதுபோலப் பையில் வைத்தேன். கட்டுநாயக்கா ஏர்போட்டில் இறங்கியதும் பையைத் திறந்து, அதை மேலே எடுத்துத் தொட்டுப் பார்த்தேன். ஒரு சொட்டும் சிந்தவில்லை.

அங்கேதான் அந்தப் போத்தல் கடை. மொட்டைத் தலை, நெற்றியில் காய்ந்த சந்தனம், கழுத்தில் செபமாலை. இந்தக் கோலத்தில் விஸ்கி அடுக்கியிருந்த தட்டுக்கு முன்னால் போய் நின்றேன். உபதேசியார் பார்த்துவிடக் கூடாதே என்று ஒரு தூணுக்குப் பின்னால் ஒளிந்து ஒளிந்து போனேன். எந்தப் போத்தல் நல்லதென்று எனக்கென்ன தெரியும்? நிறத்தைப் பார்த்தேன். நல்ல தேன் நிறத்தில் இரண்டை எடுத்தேன். கடைப் பெண்பிள்ளை என் தலையைப் பார்த்தாள், போத்தலைப் பார்த்தாள். சிரிக்கவில்லை, நல்ல பிள்ளை. “பரிஸ்ஸமென் கெனியன்ன அம்மே,” என்றாள். சிங்களத்தில், பத்திரமாகக் கொண்டு போங்கள் அம்மா என்று. அவள் போட்டுத் தந்த பையைக் கையில் பிடித்தால் ஊருக்கே தெரியும். கழிப்பறைக்குள் போய் அட்டைப் பெட்டிகளைக் கழற்றி எறிந்தேன். வெறும் போத்தல் இரண்டும் ஒன்றோடொன்று முட்டி ‘ணங்’ என்றன. சுற்றுவதற்குத் துணி வேண்டும். சேலையைக் கிளறினால் பை முழுக்கக் கலையும். மேலாக இருந்தவை எண்ணெய்க்குச் சுற்றிய துண்டுகள்தான்.

அவிழ்த்தேன். ஒரு துண்டை ஒரு விஸ்கிக்கு, மற்றதை மற்ற விஸ்கிக்குச் சுற்றினேன். எண்ணெய்ப் போத்தலை வெறுமனே பக்கத்தில் செருகினேன். கடல் தாண்டி வந்துவிட்டது, இனி மாதா பார்த்துக்கொள்வாள் என்று மனதுக்குச் சொன்னேன். விஸ்கியை அவள் பார்த்துக்கொள்ள மாட்டாள் அல்லவா, அதை நான்தானே பார்க்க வேண்டும்.

வேனில் பையை மடியில் வைத்துக் கட்டிப்பிடித்திருந்தேன். “பையில என்ன, மாதாவையே தூக்கிட்டு வந்துட்டீங்களா?” என்று பின்னாலிருந்த ஒருத்தி கிண்டல் பண்ணினாள். “எண்ணெய்,” என்றேன். உபதேசியார் செபமாலை தொடங்கினார். ஒவ்வொரு பள்ளத்திலும் விஸ்கிக்காகத்தான் என் நெஞ்சு அடித்தது. அவிசாவளை தாண்டி வளைவுகள் வந்ததும் உபதேசியார் திரும்பி, “பாரமா இருக்கும் அக்கா, கொடுங்க,” என்று பையை வாங்கி, சீற்றுக்குக் கீழே தள்ளிவிட்டார். மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? கொஞ்ச நேரத்தில் எதிரே வந்த பஸ்ஸுக்கு வேன் சடாரென்று நின்றது. பிறகு மெதுவாகத் தேங்காய் எண்ணெய் வாசம் கிளம்பியது.

“மாதா வந்துட்டா! வாசம் வருது பாருங்க!” என்று வேன் முழுக்க ஒரே மகிழ்ச்சி. பாட்டே பாடினார்கள். எனக்கு மட்டும் என்ன உடைந்ததென்று தெரியும். அதைச் சொல்லாமல் நானும் பாடினேன்.

வீட்டுக்கு வந்து அவர் முன்னால் பையை வைத்துவிட்டு ஓவென்று அழுதேன். அவர் துண்டை அவிழ்த்து, இரண்டு போத்தலையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். ஒரு கீறலில்லை. எண்ணெய்ப் போத்தல் மூன்று துண்டாகிக் கிடந்தது. இருந்த எண்ணெயையெல்லாம் அந்தத் துண்டுகள் குடித்திருந்தன. விஸ்கிப் போத்தல் இரண்டும் பளபளவென்று மின்னின.

“அட, மாதா எண்ணெய இதுக்குப் பூசிட்டியா? சரிதான். இது ரெண்டும் இனி நூறு வருசம் இருக்கும் புள்ள,” என்றார்.

நான் அழுகிறதா சிரிக்கிறதா? துண்டைப் பீரிசுத் தட்டில் பிழிந்தேன். ஒரு கரண்டிகூட வரவில்லை. அதைக் காலில் பூசினேன். பிறகு தினமும் விளக்கு வைக்கிற நேரம் அந்தத் துண்டாலேயே அவர் காலைத் தேய்த்துவிட்டேன். வாசம் போகும்வரை தேய்த்தேன். வாசம் போன பிறகும் தேய்த்தேன். வீக்கம் வற்றவில்லை. எந்தத் துண்டை எதற்குச் சுற்றினோம் என்பது தேய்க்கிற ஒவ்வொரு தடவையும் கையில் குத்தியது. அவரிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை.

போத்தல்களைத் துண்டோடு அலுமாரிக்குள் வைத்து, சாவியை என் செபமாலையில் கோத்துத் தந்தார். காலைத் தேய்க்க எடுக்கிற துண்டையும் நான் திரும்பப் போத்தலிலேயே சுற்றி வைப்பேன். கிறிஸ்மஸுக்குக் கொழும்பிலிருந்து வந்த மகன், “ஒன்னயாச்சும் ஒடைப்போம்பா,” என்று கேட்டான். “கை வச்சே, வெட்டிப்புடுவேன்!” என்று எழுந்தே விட்டார். நிற்க முடியாத மனிதர் எழுந்து நின்றதைப் பார்த்து மகன் பயந்துபோனான். கல்யாணத்துக்கு எவ்வளவு பத்திரமாக வைத்திருக்கிறார் என்று நான் தங்கச்சியிடம் பெருமை பேசினேன்.

என் முடி காது மடல் வரை வளர்ந்தபோது அவர் போய்விட்டார்.

“தம்பி, என்னன்னு சொல்லுங்க,” என்றேன் வாசலில் நின்றவரிடம்.

“போயான்னு சொன்னது ஒரு சாக்கு மதினி. கடை தொறந்திருந்தாலும் நான் அதைத்தான் கேட்டிருப்பேன்.” மூக்கைத் தோளில் துடைத்துக்கொண்டார். “அது கல்யாணத்துக்கு வந்ததில்ல. இதுக்கு வந்தது. நீங்க போற அன்னைக்கு முதல் நாளு அண்ணன் என்னக் கூப்புட்டு சொன்னாரு. ‘அவ மாதாகிட்ட போயி நல்லா அழுதுட்டு வரட்டும்டா. தடுக்காத. திரும்பி வாறப்ப நம்ம வேலைக்கு வேண்டியத வாங்கிட்டு வரச் சொல்லப் போறேன். நாலு பேரும் மனுசனாட்டம் குடிச்சிட்டு எனக்கு நேரா வெட்டுங்க’ன்னாரு. நான் ஏசினேன் மதினி. மாதாமேல சத்தியமா ஏசினேன். சிரிக்கிறாரு.”

நான் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். முடியைக் கொடுத்து உயிரைக் கேட்கப் போன பயணத்தில், அவர் குழிக்கு வேண்டியதை நானே தேர்ந்து, நானே ஒளித்து, நானே மடியில் வைத்துக் கொண்டுவந்திருக்கிறேன். கேட்டது வழியிலேயே உடைந்துபோக, கேட்காதது பத்திரமாக வீடு வந்து சேர்ந்திருக்கிறது. எல்லாம் தெரிந்துகொண்டு அந்த மனிதர் எட்டு மாதம் என்னிடம் காலை நீட்டிக்கொண்டு இருந்திருக்கிறார், தேய்க்கிறவள் தேய்க்கட்டும் என்று.

“எண்ணெய் ஒடஞ்சது உங்களுக்குத் தெரியுமா தம்பி? துண்டை அவுத்தது நான்தான்,” என்றேன். அதை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

“அண்ணனுக்குத் தெரியும் மதினி. துண்டு விஸ்கியில சுத்தியிருந்தத பாத்தப்பவே தெரியும். உங்ககிட்ட அதப் பத்திப் பேசவே கூடாதுன்னுட்டாரு.”

எழுந்து உள்ளே போனேன். பெட்டியைச் சுற்றிக்கொண்டுதான் அலுமாரிக்குப் போக வேண்டும். அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ஏசியிருப்பேன். சாவியைப் போட்டுத் திறந்து, இரண்டு போத்தலையும் எடுத்து, துண்டுகளை மட்டும் உருவி என் தோளில் போட்டுக்கொண்டேன். அவை எனக்கு வேண்டும். வெறும் போத்தல்களை வாசலுக்குக் கொண்டுவந்து நீட்டினேன்.

அவர் கையை நீட்டவில்லை. என் தோளைப் பார்த்தார்.

“துண்டையும் குடுங்க மதினி. படி பாசியா கெடக்கு. பொறவு கொண்டாந்து தாறேன்.”

லயத்திலிருந்து கல்லறைகள் இருக்கிற சேமக்காலைக்கு முப்பது படிதான். மம்பட்டியோடு அவர் இரண்டிரண்டாகத் தாண்டி ஓடுகிற படி. கொடுத்தேன். வாசலில் குந்தியிருந்து, ஒவ்வொரு போத்தலுக்கும் ஒவ்வொரு துண்டாக, நுனியை உள்ளே மடித்து மடித்துச் சுற்றினார். எழுந்து, இரண்டையும் நெஞ்சோடு சேர்த்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார். மம்பட்டிக்குக் கையில்லை. அதைச் சுவரிலேயே விட்டுவிட்டு, பக்கவாட்டில் திரும்பி, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து நின்று நின்று இறங்கினார்.