மெதுவாக வைத்த பெட்டி

என் வீட்டுக்காரருக்கு விமான நிலையத்தில் பெட்டி ஏற்றும் வேலை. இருபத்திரண்டு வருஷமாக ஊரார் பெட்டிகளைத் தூக்கிப் போட்டே இடுப்பை ஒடித்துக்கொண்ட மனுஷர். விமானத்தில் ஒரு தடவைகூட உட்கார்ந்ததில்லை. வெளிநாட்டில் இருக்கும் மகளுக்குக் கல்யாணம் என்றதும்தான் எங்கள் இருவருக்கும் அந்த யோகம் அடித்தது.

மகள் பிறந்த வருஷத்து ஒயின் ஒரு பாட்டில் எங்கள் அலமாரியில் இருந்தது. அவள் தொட்டிலில் கிடந்தபோது வாங்கி, கல்யாணத்தன்றுதான் திறப்பேன் என்று வைத்திருந்தார். கையில் கொண்டுபோக விடமாட்டார்கள். பெட்டியில்தான் போக வேண்டும். அப்பப்பா, அதற்கு அவர் அடித்த கூத்து! முதலில் வேறொரு பாட்டிலில் தண்ணீர் நிரப்பி, பெட்டியில் வைத்து, மாடிப்படியில் உருட்டிவிட்டார்.

"உங்களுக்கென்ன பைத்தியமா?" என்று கத்தினேன்.

"நாங்க எப்படிப் போடுவோம்னு எனக்குத்தானே தெரியும்!"

பிறகு ஒயினைப் பிளாஸ்டிக் பையில் கட்டி, என் கம்பளிச் சட்டையில் சுருட்டி, சுற்றிலும் ஒரு சாண் துணி இருக்கும்படி நட்டநடுவில் திணித்தார்.

விமான ஜன்னல் வழியே பார்த்தால், கீழே அவருடைய கூட்டாளிகள்! எங்கள் பெட்டியை அடையாளம் கண்டு, பச்சைப்பிள்ளையைத் தூக்குவதுபோல் தூக்கி ஓரமாக வைத்தார்கள்.

"பாத்தியா? கடைசியா, எல்லாத்துக்கும் மேல வைப்பானுங்க. தங்கமான பசங்க!" என்று பூரித்துப்போனார்.

இறங்கினால் பெட்டி இல்லை. ஓரமாக வைத்ததை ஏற்ற மறந்துவிட்டார்கள் அந்தத் தங்கங்கள். மறுநாள் கல்யாணம். பெட்டி வரும் பெல்ட் நின்ற பிறகும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் அந்தக் கூட்டாளிகளில் ஒருவனுக்குப் போன் போட்டு வாங்கு வாங்கென்று வாங்கினேன்.

"மன்னிச்சுடுங்க அண்ணி! அடுத்த பிளைட்ல பத்திரமா, பக்குவமா..."

அவர் போனைப் பிடுங்கினார். "டேய், பக்குவமும் வேணாம், மண்ணாங்கட்டியும் வேணாம்! எல்லாப் பெட்டி மாதிரியும் தூக்கிப் போடுங்கடா!"

மறுநாள் எல்லாரும் விருந்துக்கு உட்கார்ந்த பிறகு பெட்டி வந்து சேர்ந்தது. மூலை நசுங்கியிருந்தது, ஒரு சக்கரத்தைக் காணோம். கம்பளிச் சட்டையைப் பிரித்தார். பாட்டிலில் ஒரு கீறல் இல்லை! அதைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்து, அத்தனை பேர் முன்னாலும் கோவென்று அழுதார்.

"அப்பா, கல்யாணம் எனக்கா, பாட்டிலுக்கா?" என்றாள் மகள். கேட்டவள் கண்ணும் கலங்கியிருந்தது.

முதல் கோப்பையை அவளுக்கு அவரே ஊற்றினார். ஒரு சொட்டு சிந்தவில்லை.